அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஓர் இரும்புக் கருவி, இது ரைஃபிளுக்கானதா?

கடலூர்_ஓடி_மகள்:
வணக்கம். நாங்கள் கடலூர் ஓ.டி., துறைமுகத்துக்குப் பக்கம். அப்பா 1974 முதல் 1992 வரை ராணுவத்தில் இருந்தார், போன ஆடியில் தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியை நேற்றுதான் திறந்தோம். ஜெர்சி, டிஸ்சார்ஜ் புக், ஓர் எனாமல் குவளை, எல்லாவற்றுக்கும் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஃபிளானல் துணியில் சுற்றிய ஓர் இரும்புச் சாமான். உள்ளங்கை நீளம்தான். ஒரு முனை பிறை மாதிரி வளைந்து உள்பக்கம் ஒரு சின்னப் பல், மறுமுனை திருப்புளி போலத் தட்டை. ஸ்பேனர் என்கிறான் அண்ணன், ஆனால் அவன் வண்டியில் ஒரு நட்டுக்கும் அது உட்காரவில்லை. பாதி துரு. இது என்ன? வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? துருவை எப்படி எடுப்பது?

முத்தியால்பேட்டை_ஹவில்தார்:
அம்மா, அப்பாவுக்கு என் சல்யூட். நீங்கள் சொல்கிற பிறை முனையை வைத்துப் பார்த்தால் அது எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள், தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) ரைஃபிளின் காம்பினேஷன் டூல். 7.62 எம்.எம்., 20 ரவுண்டு, அதாவது 20 தோட்டா பிடிக்கும் மேகசின், நாலு கிலோவுக்கு மேல் கனம், இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. 1962 சீனப் போரில் நம்மவர்கள் கையில் இருந்தது பழைய .303 ரைஃபிள், ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டை இழுக்கணும். 71 போருக்குள் எஸ்.எல்.ஆர். வந்துவிட்டது, 90களில் இன்சாஸ் ரைஃபிள் வரும் வரை அதுதான். உங்கள் அப்பா சர்வீஸ் பெரும்பாலும் அதோடுதான் போயிருக்கும்.

இந்த டூலை வைத்துத்தான் ரைஃபிளையே கழற்றுவார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மேகசினை எடுத்து, காக் பண்ணி (கைப்பிடியைப் பின்னால் இழுத்து), தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகு, லிவரைத் தள்ளினால் ரைஃபிள் நடுவில் மடியும், உள்ளே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும், பேரலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளாக்கும் கையோடு வந்துவிடும். 'கோல்னா, ஜோட்னா' (கழற்று, மாட்டு) என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கண்ணைக் கட்டிவிட்டுச் செய்ய வைப்பார். டூலுக்கு வேலை வருவது கேஸ் ரெகுலேட்டரில். குண்டு பேரலில் போகும்போது வரும் கேஸில் ஒரு பங்கு மேலே இருக்கும் சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஸ்லைடைத் தள்ளும், காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது ஏறும். அதில் எவ்வளவு கேஸை வெளியே விட்டுவிடுவது என்று வைப்பது அந்த ரெகுலேட்டர் வளையம். ரேஞ்சில் நிறையச் சுட்டபின் கார்பன் இறுகி வளையம் விரலுக்கு அசையாது, கையை வைத்தால் சூடு தாங்காது. அப்போது பிறை முனையை மாட்டி, கிளிக் கிளிக்காகத் திருப்பி, காலித் தோட்டா ஒழுங்காக விழும் வரை மூடிக்கொண்டு வருவோம், அதற்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு கிளிக். தட்டை முனை பிஸ்டனில் படிந்த கரியைச் சுரண்ட.

டூலை வைத்துக்கொள்வதில் பயம் வேண்டாம், அது துப்பாக்கியின் பாகம் இல்லை. ஆனால் பெட்டியை இன்னொரு தடவை நன்றாகத் துழாவுங்கள். ஒரே ஒரு ரவுண்டு கிடைத்தாலும் உடனே போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள், உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கேடட்_பாண்டி:
சார், நான் இங்கே காலேஜில் என்.சி.சி. கேம்பில் எஸ்.எல்.ஆர். கழற்றும்போது, கேஸ் சிலிண்டரை முன்னால் அடைக்கும் கேஸ் பிளக் வரவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பப் போனேன், பி.ஐ. ஸ்டாஃப் (எங்களுக்குப் பயிற்சி தரும் ராணுவக்காரர்) கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். இந்த டூல் இருந்திருந்தால் அதால் நெம்பலாமா?

முத்தியால்பேட்டை_ஹவில்தார்:
கூடாது தம்பி, அவர் நிறுத்தியது சரி. அதை நெம்பவே கூடாது. பிளஞ்சரை (அதைப் பூட்டி வைத்திருக்கும் சின்ன முளையை) உள்ளே அழுத்தி, பிளக்கைக் கால் சுற்றுத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே அதைத் தள்ளிவிடும். முகத்தை நேரே வைத்துக்கொள்ளாதே. மாட்டும்போது இன்னும் கவனம். எங்கள் செக்ஷனில் ஒருவன் பிளக்கைத் திருப்பிப் போட்டுவிட்டான். கிரனேட் விடுவதற்காகக் கேஸை அடைக்கிற பக்கம் அது. ஃபயரிங் பாயின்ட்டில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் காக் பண்ணிக்கொண்டிருந்தான், ரைஃபிளில் பழுதே இல்லை. அப்புறம், பிஸ்டன், சிலிண்டர், பிளக் மூன்றுக்கும் எண்ணெய் வைக்காதே. சூட்டில் எண்ணெய் வெந்து கரியாகி, அதைச் சுரண்டவே இந்த டூல் வேண்டியதாகிவிடும். எண்ணெய் பேரலுக்கும் ஸ்லைடுக்கும்தான்.

சிங்காரத்தோப்பு_மெக்கானிக்:
அக்கா, துருவுக்கு நான் சொல்கிறேன், போட் இன்ஜினோடுதான் என் பிழைப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தோ நம்பரோ இருந்தால் போய்விடும். ஒரு ராத்திரி டீசலில் ஊறப்போட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாக. நம்ம ஊர்க் காற்றில் நேரே எண்ணெய் தடவுவது வீண், உப்பு அடியிலேயே இருந்து தின்னும்.

முத்தியால்பேட்டை_ஹவில்தார்:
ரொம்பச் சரி. .303 காலத்தில் இதே கதைதான். அந்தத் தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் கேப்பில் இருந்த மருந்து, சுட்டதும் பேரலுக்குள் உப்பாகப் படியும். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவி, சிந்தி என்கிற துணித் துண்டால் ஈரம் போகத் துடைத்து, அதற்குப் பிறகுதான் எண்ணெய். நீங்களும் டீசலுக்குப் பிறகு சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெல்லிசாகத் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள்.

கடலூர்_ஓடி_மகள்:
ஐயாவுக்கும் தம்பிகளுக்கும் நன்றி. பெட்டியில் தோட்டா எதுவும் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டோம். டீசலில் போட்டு இன்று காலை எடுத்தேன். தட்டை முனைக்குப் பக்கத்தில் ஊசியால் கீறிய மாதிரி மூன்று இலக்கம் தெரிந்தது. டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து ஒத்துப் பார்த்தோம், அப்பாவின் நம்பரில் கடைசி மூன்று. கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவியாகிவிட்டது. புதுத் துணியில் சுற்றலாம் என்றேன், அம்மா அந்தப் பழைய ஃபிளானலையே எடுத்துச் சுற்றிவிட்டார், அதைத் துவைக்கவும் விடவில்லை.