உதவி: ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கெடந்தும் விடிய விடிய வெறயல், டிசம்பர்ல கேதார்கந்தா போகணும், பட்ஜெட் கம்மி

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேரு, டிசம்பர் கடைசியில உத்தரகாண்ட்ல கேதார்கந்தா மலை ஏற போறோம், டிரெயின் டிக்கெட் போட்டாச்சு. அதுக்கு முன்னால பழகிக்கலாம்னு கொழுக்குமலை பக்கம் டென்ட்ல ஒரு ராத்திரி தங்கினோம். ஆன்லைன்ல வாங்குன ஸ்லீப்பிங் பேக், கவர்ல பெருசா 0 டிகிரின்னு அடிச்சிருக்கு. அன்னைக்கு ராத்திரி போன்ல 9 டிகிரி தான் காட்டுச்சு, ஆனா முதுகும் இடுப்பும் ஐஸ் கட்டி மேல படுத்த மாதிரி, கால் விரல் மரத்து போச்சு, ரெண்டு மணிக்கு மேல ஒறக்கமே இல்ல. காலத்த எந்திச்சு பாத்தா பேக்குக்கு வெளிப்பக்கம் ஈரம், டென்ட்டுக்கு உள்ள சொட்டு சொட்டா வெள்ளம் நிக்கு. மழையே பெய்யல.

போட்டிருந்தது ஜீன்ஸ், காட்டன் பனியன், மேல ஒரு ஹூடி. கீழ டென்ட்காரங்க குடுத்த மெல்லிசான பாய்.

பேக் டூப்ளிகேட்டா? கேதார்கந்தால மைனஸ்ல போகும்னு சொல்லுதாங்க. சாமானுக்கு ஆளுக்கு 6000 ரூவாக்கு மேல முடியாது, கைடு டிரெயின் எல்லாம் தனி. இறகு அடைச்ச டவுன் ஜாக்கெட் ஒண்ணு 5000க்கு பாத்தேன், அத மட்டும் வாங்கினா சமாளிச்சிரலாமா? நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க கிடைக்கும்?

கடலோரம்:
மக்கா, இவ்வளவு தூரம் எதுக்கு, சின்னமுட்டம் ஐஸ் பிளான்ட்ல ஒரு ராத்திரி கெடந்து பாரு, டெஸ்ட் முடிஞ்சுது.

தக்கலைக்காரன்:
அண்ணே சீரியஸா கேக்கேன் 😂

பழையபட்டாளம்:
தம்பி, பேக்க குத்தம் சொல்லுறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க. முதுகும் இடுப்பும் தான் வெறச்சுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, நெஞ்சுன்னு எழுதல. அப்ப தணுப்பு மேல இருந்து வரல, தரையில இருந்து வந்திருக்கு. ஸ்லீப்பிங் பேக்குல உள்ள பஞ்சு உப்பி நின்னா தான் அதுக்குள்ள காத்து நிக்கும், அந்த காத்து தான் சூட்ட பிடிச்சு வைக்கும். நம்ம ஒடம்பு வெயிட்டுல அடியில உள்ள பஞ்சு அமுங்கி போகும், அமுங்கினா அது வெறும் துணியாக்கும். அதனால பத்தாயிரம் ரூவா பேக்கா இருந்தாலும் அடியில நல்ல மேட் இல்லன்னா இதே கத தான். முதல் காசு மேட்டுக்கு. ஜாக்கெட்டெல்லாம் பொறவு.

மேட்டுக்கு ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் உண்டு, தணுப்ப எவ்வளவு தடுக்கும்னு காட்டுறது, கூடினா நல்லது. சாதாரண ஃபோம் மேட் ஒண்ணு 2 பக்கம் வரும், பனி மேல படுக்க 4க்கு மேல வேணும். ரெண்டு மேட்ட ஒண்ணு மேல ஒண்ணு போட்டா ரெண்டு நம்பரையும் கூட்டிக்கிடலாம், அது ஒரு சவுகரியம். காத்து ஊதுற மேட் எடுத்தா ஆர் வேல்யூ எழுதியிருக்கான்னு பாத்து எடுங்க, எழுதாததுல உள்ள வெறும் காத்து தான், அது தணுப்ப அப்பிடியே முதுகுக்கு கொண்டு சேர்க்கும், ஃபோமே மேல்.

நாரோயில்காரி:
அண்ணாச்சி சொன்னது கரெக்ட். அந்த 0 டிகிரி விஷயம் நான் சொல்லுறேன். ஒழுங்கா டெஸ்ட் பண்ணுன பேக்ல மூணு நம்பர் இருக்கும், கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட்ங்கறது ஒரு பொம்பள நிம்மதியா ஒறங்குற அளவு, லிமிட்ங்கறது ஒரு ஆம்பள சுருண்டு படுத்து எப்பிடியோ ராத்திரிய ஓட்டுற அளவு. எக்ஸ்ட்ரீம்னா சாகாம தப்பிக்கிற கணக்கு, ஒறக்கம்லாம் அதுல கிடையாது. வெல கம்மியா விக்கிறவன் இந்த மூணாவத எடுத்து கவர்ல பெருசா போடுவான், இல்லன்னா டெஸ்டே பண்ணாம வாயில வந்த நம்பர போடுவான். பேக்குக்கு உள்ள தையல்ல ஒரு சின்ன டேக் இருக்கும், அதுல கம்ஃபர்ட்னு எழுதி நம்பர் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அத 12, 15 டிகிரி பேக்குன்னு நெனச்சுக்கிடுங்க.

அப்பறம் எனக்கு ஒரு டவுட்டு, டென்ட் ஜன்னல எல்லாம் மூடி வச்சா படுத்தீங்க?

தக்கலைக்காரன்:
ஆமா அக்கா, தணுக்குன்னு எல்லா சிப்பையும் இழுத்து மூடிட்டோம், மூணு பேரும் ஒரே டென்ட். டேக் பாத்தேன், துணி என்னன்னு மட்டும் தான் இருக்கு, நம்பரே இல்ல 😐

நாரோயில்காரி:
அப்ப அந்த வெள்ளம் உங்க மூச்சு தான் தம்பி. மூணு பேரு விடிய விடிய விட்ட மூச்சு வெளிய போக வழியில்லாம தணுத்த துணியில பட்டு வெள்ளமா நிக்கி, அது பேக் மேல சொட்டி பஞ்சு நனைஞ்சு சூடு போகுது. டென்ட்டுக்கு மேல காத்து போக உள்ள வென்ட்ட எவ்வளவு தணுத்தாலும் தொறந்து வைக்கணும். இன்னொண்ணு, தல வரைக்கும் இழுத்து போத்தி பேக்குக்குள்ள மூச்சு விடக்கூடாது, மூக்கும் வாயும் வெளிய இருக்கணும், தலைக்கு குரங்கு குல்லா போட்டா போதும்.

ரப்பர்தோட்டம்:
குலசேகரத்துல இருந்து எழுதுறேன். மேட்டுக்கு ஒரு சீப் வழி சொல்லவா. ஏசி டக்ட் வேல செய்யுறவங்ககிட்ட ஒரு ஃபோம் ஷீட் இருக்கும், ஒரு பக்கம் அலுமினிய பேப்பர் ஒட்டினது, எக்ஸ்எல்பிஇன்னு சொல்லுவாங்க, ஏசி சாமான் கடையில ரோல்ல இருந்து மீட்டர் கணக்குல வெட்டி தருவான். 10 எம்எம் கேட்டு வாங்கி ஒடம்பு நீளத்துக்கு வெட்டி ரெண்டு அட்டியா போட்டுக்கிடலாம். வெள்ளம் குடிக்காது, வெயிட்டே இல்ல, சுருட்டி முதுகுப் பைக்கு வெளிய கட்டிக்கிடலாம், பாக்க தான் கேவலமா இருக்கும். நாங்க அதுல தான் படுக்கோம்.

தலையில கட்டுற லைட்டுக்கும் ஆன்லைன்ல காசு கொட்டாதீங்க. இங்க வெளுப்பாங்காலத்த ரப்பர் பால் வெட்ட போறவன் எல்லாம் தலையில லைட்டு கட்டிட்டு தான் போறான், குலசேகரம் மார்த்தாண்டம் கடைகள்ல சார்ஜ் லைட்டு கிடைக்கும், தெனம் போட்டு அடிக்கிறதுக்கு உள்ள சாமான், லேசுல சாகாது. ஆனா பேட்டரி தணுப்புல சீக்கிரம் இறங்கும், ராத்திரி லைட்டு போன் பவர்பேங்க் எல்லாத்தயும் பேக்குக்குள்ள வச்சு படுங்க.

கடலோரம்:
தேங்கா தும்பு மெத்தை கொண்டு போகலாம்லா, நம்ம ஜில்லா சரக்கு 😁

ரப்பர்தோட்டம்:
நீ செமந்துட்டு வாறியா லேய்.

பழையபட்டாளம்:
துணி விஷயத்துக்கு வாறேன். ஜீன்ஸ்சும் காட்டன் பனியனும் தான் பெரிய வில்லன். ஏறும்போ வேர்க்கும், காட்டன் அந்த வேர்வைய குடிச்சு வச்சுக்கிடும், நின்ன ஒடனே அந்த ஈரம் ஒடம்பு சூட்ட உறிஞ்சி எடுத்துரும். நம்ம ஊரு வெக்கைக்கு அது சுகம், அங்க அது ஆபத்து. ஒடம்போட ஒட்டி பாலியஸ்டர், அதுக்கு மேல புசுபுசுன்னு இருக்குற ஃப்ளீஸ் சட்ட, அதுக்கும் மேல காத்தும் பனியும் உள்ள வராத ஒரு ஜாக்கெட், இவ்வளவு தான். ஏறும்போ ஃப்ளீஸ கழட்டி பைக்குள்ள வச்சிரணும், வேர்க்க விடக்கூடாது. வேர்க்காம நடக்கத் தெரிஞ்சவன் தான் மலையில வெறைக்க மாட்டான்.

கடலோரம்:
இதுல நான் சீரியஸ். ஒடம்போட ஒட்டி போட பாலியஸ்டர் வேணும்னா ஃபுட்பால் ஜெர்சி போதும், முழுக்கை பாத்து எடு. நம்ம கடற்கரை ஊருல பந்து விளையாடாத பையன் எவன், வீட்டுல எப்பிடியும் ரெண்டு கெடக்கும். கீழ டிராக் பேன்ட். துணி என்னன்னு சந்தேகம்னா ஓரத்துல ஒரு நூல உருவி தீக்குச்சில காட்டு, காட்டன்னா பேப்பர் எரியுற மணம் வந்து சாம்பலாவும், பாலியஸ்டர்னா உருகி கருப்பா கட்டி உருண்டையாவும். அதனால தான் சொல்லுறேன், ஃப்ளீஸ போட்டுட்டு கேம்ப்ஃபயர் கிட்ட போய் ஒக்காராத, ஒரு பொறி விழுந்தா ஓட்ட.

நம்ம போட்டுக்காரங்க போடுற ரெயின்கோட்டு செட்டு வேண்டாம் கேட்டியா, மழைக்கு அத அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா நடந்தா உள்ள வேர்த்து குளிச்சிருவ.

தக்கலைக்காரன்:
ஜெர்சி நாலு கெடக்கு! தணுப்புக்கு உள்ள போடுற தெர்மல், ஃப்ளீஸ் நாகர்கோவில்ல கிடைக்குமா?

நாரோயில்காரி:
செம்மங்குடி ரோட்டுல போய் தெர்மல்னு கேட்டேன், பிளாஸ்க்கான்னு கேட்டான் 😄 நம்ம ஊர்ல தணுப்புக்கு துணி வாங்குறவன் யாரு. திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் விக்கிற கடைகள்ல தேடினா ஃப்ளீஸ் மாட்டும், கை கழுத்து தையல் பாத்து எடுங்க. இல்லன்னா திருவனந்தபுரம் டெக்கத்லான் ஒரு எட்டு போயிட்டு வாங்க, ஃப்ளீஸ், தெர்மல், ஃபோம் மேட் எல்லாம் அங்க சாதாரண வெலையில இருக்கு, பேக்ல கம்ஃபர்ட் நம்பரும் ஒழுங்கா போட்டிருப்பான், தொட்டு பாத்து வாங்கலாம். மூணு பேரும் சேந்து போங்க.

டெல்லி வழியா தானே போறீங்க? டெஹ்ராடூன் பஸ் ஏறுற காஷ்மீரி கேட் பக்கத்துலயே மொனாஸ்ட்ரி மார்க்கெட்னு திபெத்காரங்க கடைகள் இருக்கு, ஜாக்கெட்டும் கம்பளி சாக்ஸும் கையுறையும் அங்க பேரம் பேசி மேடிக்கலாம். பெரிய கம்பெனி பேரு தச்சு வச்சிருப்பான், அந்த பேருக்கு காசு குடுக்காதீங்க, பொருளுக்கு மட்டும் குடுங்க.

அத விட முக்கியமான ஒண்ணு. உங்க ட்ரெக் ஏற்பாடு பண்ணுற ஆளுக்கு இன்னைக்கே போன் போட்டு என்னென்ன தருவீங்கன்னு கேளுங்க. நெறைய பேரு டென்ட், மைனஸ் டிகிரி ஸ்லீப்பிங் பேக், மேட் மூணும் பேக்கேஜ்லயே தருவாங்க. தந்தா நீங்க பேக் வாங்கவே வேண்டாம், பேக்குக்குள்ள விரிக்க லைனர்னு ஒரு துணி உறை தச்சு கொண்டு போங்க, ஊரெல்லாம் படுத்த பேக் தானே. அம்மாவோட பழைய பாலியஸ்டர் சேலைய நீளவாக்குல மடிச்சு அடியும் ஒரு பக்கமும் டெய்லர்கிட்ட தைக்க குடுத்தா லைனர் ரெடி. பெரிய சூடு ஒண்ணும் வராது, சுத்தத்துக்கு தான்.

ரப்பர்தோட்டம்:
நான் இதுல கொஞ்சம் மாறுவேன் அக்கா. அவங்க தாற பேக்கோ வாடகை பேக்கோ, அந்த ஒரு ட்ரிப்போட முடிஞ்சுது. இவங்க கொழுக்குமலை, வட்டவடைன்னு சுத்துறவங்க, அதுக்கு 5 டிகிரி கம்ஃபர்ட் உள்ள ஒரு பேக் சொந்தமா இருந்தா வருஷக்கணக்குல ஓடும். இப்ப உள்ளத தூக்கி எறியவும் வேண்டாம், சிப்ப தொறந்து மேல போர்வையா போட்டுக்கிடலாம்.

பழையபட்டாளம்:
ரெண்டு பேரு சொல்லுறதும் செரி தான், ஆனா 6000 ரூவாக்குள்ள ரெண்டையும் பண்ண முடியாது. இந்த தடவ வாடகை. ட்ரெக் தொடங்குற சங்க்ரி கிராமம் 1950 மீட்டர் பக்கம், உச்சி 3800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறரை டிகிரி குறையும், அப்ப கீழ 5 டிகிரி இருந்தா மேல மைனஸ் 7, காத்து அடிச்சா இன்னும் மோசம். அதுக்கு உள்ள பேக்க சொந்தமா வாங்கி நம்ம ஜில்லால வச்சு என்ன செய்ய, பூசணம் தான் பிடிக்கும். சங்க்ரியிலேயே தடி ஜாக்கெட், பனி ஷூவுக்குள்ள போகாம கால்ல மாட்டுற கெய்ட்டர், ஷூவுக்கு மாட்டுற முள்ளு செயின் எல்லாம் வாடகைக்கு இருக்கு. அந்த 5000 ரூவா டவுன் ஜாக்கெட்ட விட்டுருங்க. இறகு நனைஞ்சா ஒட்டி போகும், நம்ம மேற்கு மலை ஈரத்துக்கு அது சரிப்படாது, இங்க செயற்கை பஞ்சு தான் லாயக்கு.

எந்த பேக் வாங்கினாலும் வீட்டுல கவருக்குள்ள திணிச்சு வைக்காதீங்க, பஞ்சு செத்து போகும். அலமாரியில தொங்க விடுங்க.

கடலோரம்:
ரெண்டு பெக் உள்ள போனா இது ஒண்ணும் வேண்டாம்லா?

பழையபட்டாளம்:
பட்டாளத்துலயும் ரம் தந்தது தான் தம்பி, அதனால தான் சொல்லுறேன். குடிச்சா தோலுக்கு ரத்தம் ஓடும், சூடா இருக்குன்னு தோணும், உள்ள உள்ள சூடெல்லாம் அந்த வழியா வெளிய போகும். உயரத்துல அது இன்னும் கேடு. அதுக்கு பதிலா நல்ல மூடி உள்ள பாட்டில்ல சுடுவெள்ளம் ஊத்தி ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு காலுக்கு எடையில வச்சு படு. கவுத்தி பாத்து சொட்டலன்னா மட்டும் வை. படுக்கதுக்கு முன்னால கடல மிட்டாய், நேந்திரங்கா சிப்ஸ் ஏதாவது தின்னணும், ஒண்ணுக்கு போயிட்டு வந்து படுக்கணும். ஒறங்க மட்டும்னு ஒரு ஜோடி உலர்ந்த துணியும் சாக்ஸும் தனியா கவர்ல கட்டி வச்சுக்கோங்க, அத போட்டு நடக்கவே கூடாது. சாக்ஸ் எறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாது, கால் விரல் மரத்ததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

தக்கலைக்காரன்:
ட்ரெக் ஆளுக்கு போன் போட்டேன், டென்ட்டும் மைனஸ் 10 பேக்கும் ஒரு மேட்டும் தருவாங்களாம். பேக்ல அது கம்ஃபர்ட்டான்னு கேட்டேன், "நல்ல சூடா இருக்கும் சார்"னு மட்டும் சொன்னாரு. அதனால ஏசி ஷீட் நாங்களே கொண்டு போறோம், மூணு பேருக்கும் சேத்து வெட்டி வாங்கியாச்சு, தரையில விரிச்சு பாத்தேன், பாக்க கேவலமா தான் இருக்கு ஆனா டைல்ஸ் தணுப்பு தெரியல. ஃப்ளீஸ், தெர்மல் ஞாயித்துக்கெழம திருவனந்தபுரம் போய் வாங்கிருவோம், ஜாக்கெட் வாடகை, கையுறை சாக்ஸ் டெல்லியில. கணக்கு போட்டா 6000க்குள்ள அடங்குது, மிச்சத்துல ஷூ. கடைசி கேள்வி, நான் 8 சைஸ் போடுவேன், தடி சாக்ஸுக்கு 9 எடுக்கவா? போற வழியில வாங்கினா போதுமா?

நாரோயில்காரி:
போற வழியில வேண்டவே வேண்டாம், புது ஷூல மலை ஏறினா முதல் நாளே கொப்பளம். இப்பவே வாங்குங்க. கடைக்கு சாயங்காலம் போங்க, கால் அப்ப தான் கொஞ்சம் வீங்கி இருக்கும், தடி சாக்ஸையும் கையோட கொண்டு போய் போட்டு பாருங்க. விரல முன்னால தள்ளி வச்சா குதிகாலுக்கு பின்னால ஒரு விரல் நுழையணும், அது 8லயே நுழைஞ்சா 8, இல்லன்னா 9. வாங்கின பொறவு பைல வெள்ள பாட்டில் எல்லாம் நெறச்சு போட்டு மருத்துவாழ்மலை ஏறி இறங்குங்க, இறங்கும்போ பெருவெரல் முன்னால இடிச்சா கயித்த அவுத்து கணுக்கால் கிட்ட எறுக்கி கட்டுங்க. அப்பவும் இடிச்சா சைஸ் மாத்திருங்க, பில்ல தொலைக்காதீங்க.

ரப்பர்தோட்டம்:
தேங்காண்ணெய் கொண்டு போறதா இருந்தா அகல வாய் டப்பால ஊத்திக்கோ, கட்டியா போகும், பாட்டில்ல இருந்தா வராது.