செயின்சா கையில் எகிறுகிறது, என்ன காரணம்?

கொரடாச்சேரி தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. மரம் வெட்டிச் சுத்தம் செய்யும் கம்பெனியில் வேலை. இதுவரை வெட்டிப் போட்ட கிளைகளை இழுத்து லாரியில் ஏற்றுவதும், நடைபாதையில் கூம்பு வைத்து ஆள் வராமல் பார்த்துக்கொள்வதும்தான் என் பொறுப்பு. மெஷின் பிடிக்கும் அண்ணன் லீவில் ஊருக்குப் போய்விட்டார். அதனால் போன வாரத்திலிருந்து செயின்சா, அதாவது செயின் ஓடி மரம் அறுக்கும் மெஷின், என் கையில்.

நேற்று ஈசூன் பக்கம், காற்றில் முறிந்து விழுந்த தூங்குமூஞ்சி மரக்கிளையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மெஷின் என் முகத்தைப் பார்த்து எகிறியது. செயின் அதுவாகவே நின்றுவிட்டது, எனக்கு ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் ராத்திரி டார்மில் (தொழிலாளர் விடுதியில்) படுத்தால் தூக்கம் வரவில்லை. கேட்டால் பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். ஊரில் அரிவாளால் எத்தனையோ கருவேல மரம் வெட்டியிருக்கிறேன், இப்படிப் பயந்ததில்லை.

அது ஏன் எகிறியது? இன்னொன்று, கம்பெனி கொடுத்த கனமான கால்சட்டை. இந்த வெயிலில் தொடை வெந்துபோகிறது. கட்டாயம் போட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மரக்காரன் எழுதியது:

தம்பி, பயம் வந்தது நல்லது. பழகினால் சரியாகும் என்பதை நம்பாதீர்கள். நான் பதினேழு வருடமாக இங்கே இதே வேலை செய்கிறேன். எனக்கு அடிபட்டது புதிதில் இல்லை, நன்றாகப் பழகிய பிறகுதான்.

எகிறிய காரணத்தை முதலில் சொல்கிறேன். செயின் சுற்றி ஓடுகிற நீளமான தகடுதான் பார். அதன் நுனியை ஒரு கடிகாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எண் 12 மேலே, 3 முன்னால். அந்த 12க்கும் 3க்கும் நடுவில் இருக்கும் இடம்தான் ஆபத்து. அங்கே ஓடுகிற பல் எதையாவது தொட்டால், அறுத்துக்கொண்டு போக வழியில்லாமல் கடித்து நின்றுவிடும். மரம் நகராது. செயினின் வேகம் அத்தனையும் திரும்பி, பாரை மேலே தூக்கி உங்கள் பக்கம் எறியும். அந்த வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 20 மீட்டர் ஓடும் செயின் என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் போகிற லாரிக்கு ஈடு. பார்த்துச் சுதாரிக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது, கை அவ்வளவு சீக்கிரம் அசையாது. நீங்கள் அறுத்துக்கொண்டிருந்த கிளைக்குப் பின்னால் இன்னொரு கிளை இருந்திருக்கும், நுனி அதைத் தொட்டிருக்கும். உங்களைக் காப்பாற்றியது செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிறதே கருப்புத் தடுப்பு, அது.

அந்தப் பிரேக்கைத் தினமும் காலையில் சோதியுங்கள். மெஷினை ஓட விட்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, விரலால் விசையை அழுத்தி வேகம் கொடுத்தபடி இடது மணிக்கட்டை முன்பக்கம் சாய்த்துத் தடுப்பைத் தள்ளுங்கள். செயின் உடனே நிற்க வேண்டும், நின்றதும் விசையை விட்டுவிடுங்கள். பிறகு பிரேக்கை விடுவித்து, விசையைத் தொடாமல் சும்மா ஓட விடுங்கள். அப்போது செயின் சுற்றவே கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த மெஷினை எடுக்காதீர்கள்.

இடது கைக் கட்டைவிரல் பிடியைச் சுற்றி அடியில் போயிருக்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் கட்டைவிரலை மேலே வைத்துக்கொள்கிறார்கள், எகிறும்போது பிடி நழுவுவது அதனால்தான். பாருக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் இடப்பக்கம் நில்லுங்கள், எகிறினாலும் அது போகும் வழியில் உங்கள் தலை இருக்காது. தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே அறுக்காதீர்கள்.

இப்போது கால்சட்டை. 2014இல் ஒரு நாள் விடியற்காலை சுமத்ரா காற்று, அதாவது சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மழையோடு வரும் பலத்த காற்று, அடித்தது. புக்கிட் பாத்தோக்கில் ஒரு அங்சானா மரம் சாலையை அடைத்து விழுந்துவிட்டது. ஆறரைக்கெல்லாம் போய் நின்றோம். பத்து மணிக்கு மழை விட்டு வெயில் சுள்ளென்று வந்தது. இன்னும் நாலு துண்டுதான் என்று நான் மேலே போட்டிருந்த பாதுகாப்புக் கால்சட்டையைக் கழற்றி லாரியில் போட்டேன். அந்த நாலில் மூன்றாவது துண்டு. வெட்டு முடிந்து, விசையை விட்ட பிறகும் செயின் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும் இல்லையா, அந்த நேரத்தில் மெஷினைக் கீழே இறக்கினேன். இடது முட்டிக்கு மேலே பட்டது. முதலில் வலிக்கவே இல்லை. துணி கிழிந்திருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன், அப்புறம்தான் ரத்தம். பத்தொன்பது தையல், ஐந்து வாரம் படுக்கை. இன்றைக்கும் படி இறங்கினால் அந்தக் கால் சொல்லும்.

அந்தக் கால்சட்டை கெட்டித் துணியால் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே நீள நீளமான நார் அடுக்கடுக்காக இருக்கிறது. செயின் மேல்துணியைக் கிழித்ததும் அந்த நாரை இழுத்துக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், மெஷின் அடைத்து நின்றுவிடும். அதனால் ஒருமுறை வெட்டு வாங்கிய கால்சட்டையைத் தைத்துப் போடாதீர்கள், அதன் வேலை முடிந்தது. துவைக்கும்போது ப்ளீச் வேண்டாம், நார் கெட்டுப்போகும்.

வெயிலுக்கு வழி உண்டு. காலின் முன்பக்கத்தை மட்டும் மூடி, பின்னால் பட்டையால் மாட்டுகிற வகை கிடைக்கிறது. தரையில் நின்று துண்டு போடும் உங்களுக்கு அது போதும், காற்றும் படும். ஓய்வு நேரத்தில் கழற்றிவிடலாம். ஓய்வையும் கேட்டு வாங்குங்கள். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரிக்குப் போனால், கடும் உழைப்புக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வாவது தர வேண்டும் என்பது 2023இல் மனிதவள அமைச்சு அறிவித்த நடைமுறை.

ஜூரோங் அக்கா எழுதியது:

நான் வேறொரு கம்பெனியில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். அண்ணன் சொன்னதோடு ஒரு விஷயம். காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், ரத்தம் ஊறினால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ யாராவது அழைக்கட்டும். தனியாக நின்று செயின்சா ஓட்டக் கூடாது என்பது இதற்காகத்தான்.

தம்பி, காயம் பட்டதை மறைக்கச் சொன்னால் மறைக்காதீர்கள். மருத்துவ விடுப்பு கொடுத்த எந்த வேலைக் காயத்தையும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறு உங்களுடையதாகவே இருந்தாலும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. இது தெரியாமல் அழுதுகொண்டே ஊருக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொரடாச்சேரி தம்பி எழுதியது:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. கட்டைவிரலை நானும் மேலேதான் வைத்திருந்தேன். ஒரு சந்தேகம். இன்று பார் கிளைக்குள் மாட்டிக்கொண்டது, ஆட்டி ஆட்டி இழுத்தேன். அது தப்பா?

பழைய மரக்காரன் எழுதியது:

தப்புதான் தம்பி. மாட்டினால் மெஷினை அணைத்துவிடுங்கள், கிளையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அல்லது ஆப்பு அடித்து எடுங்கள்.

மாட்டாமல் இருக்க, வெட்டும் முன் கிளையைப் பாருங்கள். இரண்டு முனையும் எதன் மேலாவது கிடந்து நடு தொங்கினால், மேற்பக்கம் நெருக்கிக்கொண்டும் அடிப்பக்கம் விரிந்துகொண்டும் இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் தலைகீழ், முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. கீழிருந்து அறுக்கும்போது மெஷின் உங்களைப் பின்னால் தள்ளும், கால் ஊன்றி நில்லுங்கள். காற்றில் விழுந்த மரத்தில் வில் மாதிரி வளைந்து நிற்கும் கிளைகள் இருக்கும், அதை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். விடுபட்டால் ஆளை அடித்துத் தூக்கிவிடும். ஊருக்குப் போன அண்ணன் வரட்டும்.

அப்புறம் அறுக்கும்போது விழுவது சீவலா, மாவா? மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவன்தான் நிலை தடுமாறுகிறான். அரம் பிடிக்க யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். செயினுக்கு ஏற்ற அளவு அரம் வேண்டும், எங்களிடம் இருப்பதற்கு 4.8 மில்லிமீட்டர்.

கொரடாச்சேரி தம்பி எழுதியது:

மாவுதான் அண்ணே விழுந்துகொண்டிருந்தது. இன்று காலை லாரியில் இருந்த இரண்டு மெஷினையும் நீங்கள் சொன்ன மாதிரி சோதித்தேன். நான் நேற்று முன்தினம் பிடித்தது உடனே நின்றது. இன்னொன்றில் தடுப்பைத் தள்ளியும் செயின் ஓடிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரே வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டார்.

பழைய மரக்காரன் எழுதியது:

உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கும். வேறு யாரும் தெரியாமல் எடுத்துவிடாதபடி அதில் சிவப்புத் துணி ஒன்று கட்டி வையுங்கள். பழுது பார்த்து வந்த பிறகும் நீங்களே ஒருமுறை சோதித்துவிட்டு எடுங்கள் தம்பி.