நாளைக்குக் கேக் கொண்டுபோக வேண்டும், இரண்டு தரம் பழுதாகிவிட்டது

மல்லாவிப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். நான் வந்து மூன்று மாதம்தான். மொழி வகுப்பில் கூடப் படிக்கிற பத்துப் பேர் நாளைக்கு ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிறோம். நான் காய்ச்சலில் கிடந்தபோது சிரியாக்காரப் பிள்ளை ஒருத்தி பருப்பு சூப் காய்ச்சி அறை வாசலுக்குக் கொண்டுவந்து தந்தவள். அவளுக்காகவாவது எங்கள் வீட்டுப் பட்டர் கேக் செய்துகொண்டு போக ஆசை. அம்மா சொன்ன அளவுதான் போட்டேன். இரண்டு தரமும் மேலே கரிந்துவிட்டது, கத்தியை விட்டால் உள்ளே பச்சை மா ஒட்டுகிறது. இப்போது இரவு எட்டு மணி, கடை பத்துக்குப் பூட்டிவிடும். என்ன செய்யலாம்?

மாங்குளத்தான், பாரிஸ்:
தங்கச்சி, கேக்கை விடு, புட்டு அவி. நான் 1998-ல் வந்தபோது ஒரே அறையில் ஏழு பேர், ஒற்றை அடுப்பு. புட்டுக்குழலுக்கு எங்கே போவது? பால்மா ரின்னின் அடியில் ஆணியால் துளை போட்டு அதில்தான் அவித்தோம். கோதுமை மாவைப் பழைய சாரத்துணியில் கட்டி நீராவியில் வைத்தால் கல்லுப்போல இறுகி வரும், சூடு ஆறமுதல் தேநீர்க் கோப்பையின் அடியால் உடைத்து அரித்துவிட வேண்டும். அந்தப் புட்டில் கொஞ்சம் மேல்மாடி அல்ஜீரியக் கிழவருக்குக் கொடுத்தோம், அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து கூஸ்கூஸ் வந்தது. அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் தெரியாது.

முள்ளியவளை அக்கா, லண்டன்:
ஆறின புட்டை வகுப்பில் வைத்து யார் சாப்பிடுவது? கேக்தான் சரி. செல்ஃப் ரெய்சிங் மா வாங்குங்கோ தங்கச்சி, பேக்கிங் பவுடரே தேவையில்லை. பிழை மாவில்தான்.

ஸ்காபரோ தம்பி:
அந்த மா பழசானால் பொங்காது அக்கா. சாதாரண மாவும் பேக்கிங் பவுடரும்தான் நம்பிக்கை. சூடு 325. இல்லையென்றால் பயத்தம் பணியாரம் சுடச் சொல்லுங்கள். வறுத்த பயத்தம்மா, வறுத்த தேங்காய்ப்பூ, சீனிப்பாணி, மிளகு, சீரகம், ஏலக்காய். உருட்டி மாக்கரைசலில் தோய்த்து எண்ணெயில் போட்டால் முடிந்தது, போறணையே (ஓவன்) வேண்டாம்.

முள்ளியவளை அக்கா, லண்டன்:
தேங்காய்ப்பூவாம். இங்கே தேங்காய் மூன்று வாங்கினால் ஒன்று அழுகல், திருப்பிக் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதை விடுங்கள், பணியாரம் சுட்டாலும் யாருக்குக் கொடுப்பது? ஊரில் அரியதரம் சுட்டால் வாசம் அடங்கமுதல் வேலிக்கு மேலால் தட்டுப் போகும், வெறும் தட்டு திரும்பி வராது. இங்கே சொந்தத் தங்கை வீட்டுக்கே போன் அடித்துக் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

மாங்குளத்தான், பாரிஸ்:
உண்மை அக்கா. என் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது.

கிளிநொச்சியிலிருந்து ஓர் அம்மா:
பிள்ளை, நான் ஊரில்தான் இருக்கிறேன். போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 பாதை 2002-ல் திறக்கமுதல் எங்களுக்குக் கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் அருமை. ஆனாலும் கேக் செய்தோம். பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் சட்டி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். மேலே தணல் கூடி அடியில் நெருப்புக் குறைந்தால் நீங்கள் சொல்கிற மாதிரித்தான் வரும், மேலே கரி, உள்ளே பச்சை. உங்கள் போறணையில் அடிச்சூடு வருகிறதா என்று பாருங்கோ.

மல்லாவிப் பெண்:
அம்மா, அடிக்கம்பி சிவக்கவே இல்லை! மேலே மட்டும்தான் சிவக்கிறது. நான் ஜேர்மனி, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். குமிழில் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டிருக்கும் இடத்தில் வைத்தேன்.

ஒட்டுசுட்டான் அண்ணா, ஸ்ருட்காட்:
அதுதான் பிழை தங்கச்சி. வளைந்த கோடு கிரில், இறைச்சி வாட்டுவதற்கு. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு நேர்கோடு இருக்கும் இடத்துக்குத் திருப்புங்கள், 170 பாகை. அடிக்கம்பி பெட்டிக்குள் மறைந்திருந்தால் சிவப்பது தெரியாது, பயப்பட வேண்டாம். காற்றாடிப் படத்தில் வைத்தால் 150 போதும். தம்பி சொன்ன 325 பாரன்ஹைட், இங்கே அந்த இலக்கத்தைத் தேட வேண்டாம். அக்கா சொன்ன மாவும் இங்கே லேசில் கிடைக்காது. டைப் 405 என்று போட்ட கோதுமை மா எடுங்கள். பட்டர் ஒரு கட்டி 250 கிராம், அதே அளவு சீனி, அதே அளவு மா, ஐந்து முட்டை. பக்புல்வர் என்று இங்கே சொல்கிற பேக்கிங் பவுடர் பைக்கற் ஒன்று அரைக் கிலோ மாவுக்கானது, உங்களுக்குப் பாதி போதும். பட்டரையும் முட்டையையும் இப்போதே வெளியே எடுத்து வையுங்கள், குளிரோடு அடித்தால் திரியும். நடுத்தட்டில் வைத்து முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். 50 நிமிடத்தில் ஈர்க்குக்குப் பதில் பல்லுக்குத்தும் குச்சியால் குத்திப் பாருங்கள். கஜு போட வேண்டாம், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியாது. முட்டை, பால், கோதுமை என்று ஒரு துண்டில் எழுதித் தட்டில் வையுங்கள். பிராந்தி வேண்டாம், அந்தப் பிள்ளை தொடாமல் போகலாம்.

மல்லாவிப் பெண்:
பட்டர் இருந்தது, முட்டைக்கு மட்டும் கடைக்கு ஓடினேன். இப்போது பத்தே முக்கால். குச்சி சுத்தமாக வருகிறது, மேலே பொன்னிறம், நடுவில் சின்ன வெடிப்பு, அம்மாவின் கேக்கிலும் அந்த இடத்தில்தான் வெடிக்கும். ஆறவைத்திருக்கிறேன். காலையில் வெட்டி, முதல் துண்டை அந்தப் பிள்ளைக்குத் தனியாகச் சுற்றி வைக்கிறேன்.