மெக்னீசியம் எண்ணெய் போட்டா காலெல்லாம் காந்துதுங்க

செக்கிங் அக்கா, திருப்பூர்:
வயசு 49. பனியன் கம்பெனியில செக்கிங், நாள் முழுக்க நின்னுட்டே வேலை. ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டைக்கால் சதை கல்லாட்டம் இறுகிக்குது. சுவத்தப் புடிச்சுட்டு நின்னு நின்னு தூக்கமே போச்சுங்க. பொண்ணு மெக்னீசியம் எண்ணெய் ஸ்ப்ரே வரவழைச்சுக் குடுத்தா. வேலை முடிஞ்சு வந்து, பீர்க்கங்கா நார்ல தேச்சுச் சுடுதண்ணியில குளிச்சுட்டு அடிச்சேன். அஞ்சு நிமிஷத்துல சுளீர்னு புடிச்சுது பாருங்க, மொளகாப்பொடி கையோட கண்ணத் தொட்ட மாதிரி! காலையில முழங்காலுக்குக் கீழ செவசெவன்னு திட்டுத் திட்டா, நைட்டியெல்லாம் வெள்ளைப்பொடி. வித்தவங்க கிட்டக் கேட்டா, "உடம்புல மெக்னீசியம் கம்மி, அதான் எரியுது, பழகிரும்"ங்கறாங்க. நெசமாங்க?

மருந்துக்கடை தம்பி, மதுரை:
நெசமில்லக்கா. எரியுறத வச்சு உடம்புல எவ்வளவு இருக்குன்னு சொல்ல முடியாது. பேருதான் எண்ணெய், அது மெக்னீசியம் குளோரைடு உப்பத் தண்ணியில கெட்டியாக் கரைச்சது. தொட்டா வழுவழுன்னு இருக்கும், அம்புட்டுதான். நைட்டியில காஞ்சு கிடந்தது அந்த உப்புதான். நார் போட்டுத் தேச்சா மேல்தோல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதுல உப்புத்தண்ணி பட்டா எரியாம என்ன செய்யும்?

திட்டு ஆறுற வரைக்கும் தொடாதீங்க. கொப்புளம் வந்தா, பரவுனா தோல் டாக்டர்ட்ட காட்டுங்க. ஆறுனப்புறம் போட்டே ஆகணும்னா சரிபாதி தண்ணி கலந்து, வெடிப்பு இல்லாத உள்ளங்கால்ல மட்டும் தடவி, இருபது நிமிஷத்துல கழுவிருங்க. ஆனா ஒண்ணு, தோல் வழியா எவ்வளவு உள்ள போகுதுன்னு உறுதியான ஆதாரம் இல்லக்கா. நானே கடையில விக்கிறேன், அதனால சொல்றேன்.

கும்பகோணம் பாட்டி:
நான் எப்சம் உப்பு, அதுவும் ஒரு மெக்னீசிய உப்புதான், ஒரு கைப்பிடி வெதுவெதுப்பான தண்ணியில போட்டுக் கால் வைப்பேன். சுகமா இருக்கும். மெக்னீசியத்தாலயா, வெந்நீராலயா, பதினஞ்சு நிமிஷம் யாரும் கூப்பிடாததாலயான்னு தெரியல. சர்க்கரை இருந்து கால் மரத்திருந்தா சூட்டைக் கையால பாத்துட்டு வைம்மா.

செக்கிங் அக்கா, திருப்பூர்:
சர்க்கரை இல்லீங்கம்மா. தைராய்டு மாத்திரை உண்டு. வெறும் வயித்துல கேஸ் மாத்திரை, பேண்டோப்ரசோல், ரெண்டு வருசமா தினமும். தம்பி, மெக்னீசியத்த மாத்திரையா முழுங்கலாமா?

மருந்துக்கடை தம்பி, மதுரை:
அக்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல! அந்த கேஸ் மாத்திரைய வருசக்கணக்கா எடுத்தா சில பேருக்கு ரத்தத்துல மெக்னீசியம் இறங்கும். அமெரிக்க மருந்துத்துறை 2011-லயே எச்சரிச்சிருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க. எழுதிக் குடுத்த டாக்டர்ட்ட இன்னும் வேணுமான்னு கேளுங்க. மெக்னீசியமும் கிட்னிக்கு கிரியாட்டினினும் பாத்துருங்க. கிட்னி சரியில்லன்னா மெக்னீசியம் உடம்புல தேங்கிரும்.

மெக்னீசிய மாத்திரையில பல வகை இருக்கு. ஆக்சைடு பல பேருக்கு வயித்தக் கலக்கிரும், சிட்ரேட்டும் கொஞ்சம் அப்படித்தான். கிளைசினேட் மெதுவானது. டப்பாவுல 500 மி.கி. கிளைசினேட்னு இருந்தா அதுல மெக்னீசியம் 70 மி.கி. சுத்திதான், ஏமாறாதீங்க. தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். ராத்திரிச் சாப்பாட்டோட போட்டா சரியா இருக்கும். இன்னொண்ணு, வயசானவங்களோட ராத்திரிப் பிடிப்புக்கு மெக்னீசியம் பெருசா உதவலன்னுதான் பல ஆய்வுகளச் சேத்து அலசுற காக்ரேன் அமைப்போட 2020 ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க.

கும்பகோணம் பாட்டி:
ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020-ல போட்ட கணக்குல பொம்பளைக்கு நாளுக்கு மெக்னீசியம் 370 மி.கி. கேழ்வரகு நூறு கிராம்ல 140-க்கு மேல இருக்கு. பூசணி விதை ஒரு கைப்பிடி 150 தேறும். கூட்டு வைக்கும்போது விதைய வழிச்சுக் கொட்டுறோமே, அதக் கழுவிக் காயவச்சு வறுத்துக்கோம்மா.

செக்கிங் அக்கா, திருப்பூர் (ஆறு வாரம் கழிச்சு):
மெக்னீசியம் 1.5 வந்துச்சுங்க, கொஞ்சம் கம்மியாம். கிட்னி நல்லாருக்கு. டாக்டர் கேஸ் மாத்திரைய மாத்திட்டாரு, கிளைசினேட் மூணு மாசத்துக்கு எழுதியிருக்காரு. காலைக்கு ராகிக் கூழ். படுக்கறதுக்கு முன்ன சுவத்துல கை ஊனிக் கெண்டைக்கால நீட்டி இழுக்கச் சொன்னாரு, அதுவும் செய்யறேன். தெனமும் வந்த பிடிப்பு இப்ப வாரத்துக்கு ஒருக்கா. எதுனால கொறஞ்சுதுன்னு கேக்காதீங்க, எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சுட்டேன். ஸ்ப்ரே பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்குதுங்க. காசு குடுத்து வாங்கினதுன்னு பொண்ணு தூக்கிப் போட விடமாட்டேங்கறா.