கொம்பன் ஆந்தைக் கூடு: இடத்தைச் சொல்வதா, மறைப்பதா?

பொட்டல்காடு
காரைக்குடிக்குக் கிழக்கே, கைவிட்ட செம்பராங்கல் குவாரிக் குழி ஒன்றில் கொம்பன் ஆந்தை மூன்று முட்டை இட்டிருக்கிறது. போன வாரம் நம் பறவை நோக்கர் குழுவில் ஏறிய படத்தில் ஜிபிஎஸ் மேப் கேமரா முத்திரை அப்படியே இருந்தது. ஊர்ப்பெயர், பின்கோடு, புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை ஆள்கூறு, ஒன்றும் பாக்கியில்லை. ஞாயிறு காலை குழி விளிம்பில் மூன்று கார் நின்றது. படத்தை நீக்கியாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனை பேர் கைப்பேசியில் சேமித்தார்களோ.

என் முன்மொழிவு: கூடு, கூட்டமாக அடையும் இடம், இந்த இரண்டுக்கும் பறவை கிளம்பும்வரை தாலுகா பெயருக்கு மேல் எதுவும் எழுதக் கூடாது. மற்ற பதிவுகளை அன்றைக்கே முழு விவரத்தோடு போடலாம்.

கொம்பன் கூடு கட்டாது. பாறை விளிம்பிலோ வெறும் தரையிலோ லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும். அடைகாக்கும் பெட்டை பகலில் எழும்பினால் இரண்டு காரியம் நடக்கும். மாசி வெயிலில் செம்பராங்கல் சுட ஆரம்பித்தால் திறந்து கிடக்கும் முட்டைக்கு அரை மணி நேரமே அதிகம். அதோடு, வெளியே வந்த ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்துகொண்டால் அது லேசில் திரும்பாது.

கண்மாய்க்கரை
தம்பி, ஒத்துக்கொள்ள மாட்டேன். மறைத்து வைத்துப் பிழைத்த இடம் எது என்று சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். வேட்டங்குடிப்பட்டியும் கொள்ளுக்குடிப்பட்டியும் இன்றுவரை தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே, கண்மாயில் எந்தப் பறவை எங்கே கூடு வைக்கிறது என்று ஊருக்கே தெரிந்ததால்தானே? 1977-ல் அது வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் ஆனது. அங்கே இருப்பது 38.4 ஹெக்டேர். அதை வேலி காப்பாற்றவில்லை, ஊர்தான் காப்பாற்றியது.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லகர் வல்லூறு, ஷாகீன், ராசாளிக் கழுகு என்று வேட்டைப் பறவைகளின் பதிவுகள் வெளியே இருந்ததால்தான் 2022 நவம்பரில் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க முடிந்தது. மாநிலத்திலேயே அதுதான் முதல். 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர்க்காரர்கள் கையில் சொல்ல விஷயம் இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. உங்கள் குழியின் குத்தகையை நாளை யாராவது புதுப்பிக்கக் கேட்டால், "இங்கே ஆந்தை இருக்கிறது" என்று எதை நீட்டுவீர்கள்? தாலுகா பெயரையா?

வக்கா
அண்ணே சொல்றதுதான் சரி. இன்னொன்னும் இருக்கு. மறைக்கிறோம் மறைக்கிறோம்னு சொல்றவங்க அவங்களுக்குள்ள நாலு பேருக்குச் சொல்லிக்கிறாங்க. அந்த நாலு பேரும் போய் நல்லா படம் எடுத்துட்டு வர்றாங்க. வெளியில இருக்கிறவன் போனாத்தான் பறவைக்குத் தொந்தரவா?

பொட்டல்காடு
நாலு பேரும் போகக் கூடாது என்றுதான் சொல்கிறேன், வக்கா. இடம் தெரிந்தவருக்கும் அதே விதிதான்.

அண்ணே, அரிட்டாபட்டியில் வெளியே தெரிந்தது மலை. வல்லூறு எந்தப் புடவில் முட்டையிடுகிறது என்பது அல்ல. செங்குத்துப் பாறையில் நூறடி உயரத்தில் இருக்கும் கூட்டை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இங்கே குழியின் ஆழமே ஆறேழு அடி. சரிவில் குழந்தைகூட இறங்கிவிடும். வேட்டங்குடியும் வேறு கதைதான். நூற்றுக்கணக்கில் நத்தைகுத்தி நாரையும் வக்கா என்கிற இராக்கொக்கும் கருவேல மரத்தில், நடுத்தண்ணீரில் கூடு வைக்கிற இடம் அது. ஒருத்தர் கரையில் வந்து நின்றால் ஒரு காலனி கலையாது. இங்கே இருப்பது ஒரே ஒரு ஜோடி.

ரஸ்தா
குழி இருக்கும் இடம் ஆடு மேய்க்கிறவருக்கு நம் எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். அவரால் இதுவரை ஒரு முட்டையும் கெடவில்லை.

மூணாம்மடை
கொள்கைச் சண்டை நடக்கட்டும். நடைமுறையில் இடம் எப்படிக் கசிகிறது என்று தெரியாமல் எந்த விதி போட்டும் பயனில்லை.

முதலில் ஆள்கூறு. புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் என்றால் 11 மீட்டர். அந்தக் குழியின் எந்த மூலை என்பதுகூடத் தெரிந்துவிடும். இரண்டு இலக்கம் என்றால் 1.1 கிலோமீட்டர், நம் ஊர்ப் பொட்டலில் செம்பராங்கல் குழிகளைத் தேடிக் கண்டுபிடிக்க அது போதும், காலையில் ஒரு மணி நேர வேலை. ஒரே இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர். மறைக்கிறதாக இருந்தால் ஒரு இலக்கம்தான், இரண்டு வைப்பது ஒப்புக்குத்தான்.

அடுத்தது படம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் இடக்குறிப்பு போய்விடும். தெளிவு குறையக் கூடாது என்று 'டாக்குமெண்ட்'டாக அனுப்புகிறோமே, அதில் அப்படியே போகும். மேப் கேமரா முத்திரை எழுத்தாகவே படத்தில் பதிந்துவிடுவதால் எப்படி அனுப்பினாலும் போகாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பின்னணியையும் பாருங்கள். செல்போன் கோபுரமோ அய்யனார் கோயில் மண்குதிரையோ தெரிந்தால் உள்ளூர்க்காரருக்கு ஆள்கூறே வேண்டாம்.

மூன்றாவது, பறவைப் பதிவுகளை ஏற்றும் இ-பேர்ட் இணையதளம். ஹாட்ஸ்பாட் எனும் பொது இடத்தில் போடாமல் 'தனிப்பட்ட இடம்' என்று போட்டால் யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. நீங்கள் ஏற்றிய பட்டியல் பொதுவில் இருந்தால், வரைபடத்தில் குத்திய அந்த 'பின்' குறியும் பொதுவில்தான் இருக்கும். இடத்தை மறைக்க வேண்டிய இனங்கள் என்று அவர்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள பறவைகளைத்தான் 20 கி.மீ.க்கு 20 கி.மீ. கட்டத்துக்குள் மறைத்துக் காட்டுவார்கள். ஏறத்தாழ காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை ஒரே கட்டம். உங்கள் பறவை நம் பகுதிக்கான பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பி ஏற்றாதீர்கள். நம் வட்டாரத்துக்கு அபூர்வம் என்பதும் அந்தப் பட்டியலில் இருப்பதும் ஒன்றல்ல. அபூர்வமாக மட்டும் இருந்தால் நேர்மாறாக, விழிப்பூட்டல் மின்னஞ்சலில் இடத்தோடு எல்லாருக்கும் போய்விடும்.

கண்மாய்க்கரை
அப்படியானால் பின்னைப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் குத்துவீர்கள். முந்திரிக்காட்டில் கொம்பன் இருந்ததாகப் பதிவாகும். அதுவும் பொய்ப் பதிவுதானே?

மூணாம்மடை
பின்னைத் தள்ளவே கூடாது. இரண்டு நேர்மையான வழி இருக்கிறது. ஒன்று, தேதி, தொடங்கிய நேரம், நடந்த தூரம் எல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, குஞ்சு வெளியேறிய பிறகு அதே தேதியில் சரியான இடத்தில் ஏற்றுவது. பழைய தேதியை இ-பேர்ட் ஏற்கும். இரண்டாவது, இப்போதே ஏற்றி, பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைத்து, பின்னால் திறப்பது.

பலர் செய்வது மூன்றாவது: ஆந்தையை மட்டும் விட்டுவிட்டு மற்ற பறவைகளோடு பட்டியலை ஏற்றுவது. ஏற்றலாம். ஆனால் "கண்ட பறவை எல்லாவற்றையும் எழுதினீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் தர வேண்டும். "ஆம்" என்று அடித்தால் அந்த இடத்தில் கொம்பன் இல்லை என்று நீங்களே சாட்சி சொன்னதாக ஆகும். குத்தகைக்காரருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

கண்மாய்க்கரை
கடைசி வரி எனக்குப் புதிது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொட்டல்காடு, "குஞ்சு வெளியேறும்வரை" என்கிறீர்களே, அது எத்தனை நாள்? கணக்கு சொல்லுங்கள்.

பொட்டல்காடு
அடைகாப்பது 33 நாள் அளவில். பொரித்த பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் தாய் தகப்பனை நம்பித்தான் குஞ்சு இருக்கும். தை கடைசியில் முட்டை என்று வைத்தால் ஆவணி, புரட்டாசி ஆகிவிடும்.

இதில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. குஞ்சுகள் பறக்கப் பழகும் முன்பே நடந்து பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடும். பள்ளம் காலியாக இருப்பதைப் பார்த்து "கூடு முடிந்தது, இனி சொல்லலாம்" என்று பதிவு போடுவார்கள். அப்போதுதான் குஞ்சு விராலிப் புதருக்கடியிலும் கல் இடுக்கிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மண் நிறம் வேறு. தெரியாமல் மிதிக்கிற ஆபத்து முட்டைக் காலத்தைவிட அப்போது அதிகம்.

கண்மாய்க்கரை
ஏழெட்டு மாதம்! அதற்குள் ஜேசிபி வந்து போய்விடும். சிறு கனிமக் குவாரியானாலும், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவானாலும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த அனுமதி விண்ணப்பத்தில் "குறிப்பிடத்தக்க உயிரினம் இல்லை" என்று எழுதினால் மறுப்பதற்கு நம்மிடம் ஒரு தாள் வேண்டுமே.

பொட்டல்காடு
தாள் வேண்டும், பொதுப்பதிவு வேண்டாம். முழு ஆள்கூறு, தேதி, இரண்டு படம் வைத்து மாவட்ட வன அலுவலருக்கு இப்போதே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புவோம். சேர்ந்ததற்கான சான்று நம் கையில் இருக்கும். கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் வருகிறது. அதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம். படம் எடுக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வரி.

வக்கா
புரியுது, எனக்குத்தான் சொல்றீங்க. சரி, குஞ்சு காலம் முடிஞ்சு போறவன் எவ்வளவு தூரத்துல நிக்கணும்? "தள்ளி நில்"னு மட்டும் சொன்னா ஒவ்வொருத்தனுக்கு ஒரு தள்ளி.

மூணாம்மடை
கணக்காகவே சொல்கிறேன். கொம்பன் அரை மீட்டர் உயரம். 600 மி.மீ. லென்ஸில், 60 மீட்டர் தூரத்தில், முழு அளவு சென்சரில் 5 மி.மீ. விழும். சென்சரின் உயரம் 24. ஆக, படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் பறவை மட்டும் 830 பிக்சல் உயரம் வரும். இங்கே போடுவதற்கும் அடையாளம் சொல்வதற்கும் தாராளம். அதற்குமேல் கிட்டே போனால் கிடைப்பது கண்ணிமை மயிர்தான்.

60 மீட்டரிலும் ஆந்தையைப் பாருங்கள். கண்ணைக் கீற்றாக மூடி உட்கார்ந்திருந்தால் சரி. உடம்பை ஒடுக்கி, நிமிர்ந்து, கொம்பு இரண்டையும் செங்குத்தாகத் தூக்கினால் உங்களைக் கணக்கில் எடுத்துவிட்டது, பின்வாங்குங்கள். அலகைச் சொடுக்கும் சத்தம் கேட்டால் ரொம்பவே கிட்டே போய்விட்டீர்கள். எட்டு மணிக்கு மேல் பொட்டலில் கானல் எழும்பிவிடும், எந்த லென்ஸானாலும் படம் கலங்கும். ஆகவே காலையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது படத்துக்கும் நல்லது. ஒலி போட்டுக் கூப்பிடுவது, டார்ச், ட்ரோன் மூன்றும் கிடையாது.

ரஸ்தா
பூனைப்பருந்து அடையும் புல்வெளிக்கும் இதே விதியா? அதற்குத்தான் இங்கே கூடே கிடையாதே, குளிர்காலத்துக்கு வந்து பங்குனியோடு போய்விடுமே.

பொட்டல்காடு
அதே விதிதான். பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக வந்து தரையில், புல்லுக்குள் இறங்கும். மண்பாதையில் ஒரு காரின் முகப்பு விளக்கு விழுந்தால் அத்தனையும் எழும்பிவிடும். இருட்டில் மறுபடி இறங்க இடம் தேட வேண்டும், கீழே நாயும் நரியும் உண்டு. பகலில் வேட்டையாடித் திரியும் பூனைப்பருந்தை எங்கே கண்டாலும் உடனே எழுதுங்கள், அது அன்றைக்கே நாலு ஊர் தாண்டிப் போகிற பறவை.

எழுதும்போது "பூனைப்பருந்து, பெட்டை" என்று மட்டும் நிறுத்தாதீர்கள். உட்கார்ந்திருக்கையில் மடித்த சிறகு வால் நுனியை எட்டுகிறதா, எட்டாமல் நிற்கிறதா? எட்டினால் மாண்டேகு பூனைப்பருந்து பக்கம், குறைந்தால் வெண் பூனைப்பருந்து பக்கம். கழுத்தைச் சுற்றி வெளிர் பட்டையும் அதன் பின்னால் கருமையான துண்டு போர்த்தியது போன்ற நிறமும் இருந்தால் அதுவும் வெண்ணதுக்கே சாதகம். ஆணில் சிக்கல் குறைவு. சிறகின் மேல்புறம் கறுப்புக் கோடு ஓடினால் மாண்டேகு.

கண்மாய்க்கரை
கண்மாய்ப் பறவைகளுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நீட்டக் கூடாது, அதை இப்போதே எழுதி வையுங்கள். பட்டைத்தலை வாத்து நாலு வந்து இறங்கினால் மறுநாள் இருக்குமோ இருக்காதோ. மாசியில் உள்வாய்த் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சாண் சுருங்கும். "திருப்பத்தூர்ப் பக்கம்" என்று எழுதினால் யாருக்கு லாபம்? கண்மாய் பெயர், எந்த மடைக்கு நேரே, கலுங்கிலிருந்து எத்தனை தூரம், கார் எங்கே நிறுத்தலாம், எல்லாம் வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால்தான் வெயில் முதுகில் விழும், அதையும் சேர்த்து எழுத வேண்டும். மேற்கே நின்றுகொண்டு எதிர்வெயிலில் "கறுப்பாக நாலு வாத்து" என்று எழுதுகிறவர்களால்தான் பாதிக் குழப்பம்.

பொட்டல்காடு
அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை அண்ணே. கூடும் அடைவிடமும் மட்டும்தான்.

கண்மாய்க்கரை
சரி. ஆனால் ஆவணி வரை ஆள்கூறு ஒருவர் கையில் மட்டும் இருப்பதை ஏற்க மாட்டேன். கைப்பேசி தொலைந்தால் பதிவும் தொலைந்தது. கடிதத்தின் நகல் எனக்கு ஒன்று வேண்டும். குழிப் பக்கம் போக மாட்டேன், வாக்கு.

பொட்டல்காடு
நகல் நாளைத் தபாலில் வரும். உங்களிடம் ஒன்று, மூணாம்மடையிடம் ஒன்று.

வக்கா
என்கிட்ட வேணாம். அன்னைக்கு முத்திரையோட படம் போட்டது நான்தான்.