புதுப்பிப்பு: பலா மேசைக்கும் பைன் தட்டுக்கும் எந்த சாண்டர்?

முந்தைய இழையின் கேள்வி: பழைய பலா மேசையையும் புதுப் பைன் தட்டுகளையும் தேய்க்க எந்த சாண்டர் (மின் தேய்ப்புக் கருவி): தேய்ப்புப் பட்டை ஓடும் பெல்ட் சாண்டரா, தேய்ப்புத் தாளில் கால் பங்கை மாட்டும் கால் தாள் சாண்டரா, வட்ட அடித்தட்டு சுழன்றபடியே அதிரும் ரேண்டம் ஆர்பிட்டலா?

முடிவு 125 மில்லிமீற்றர் ரேண்டம் ஆர்பிட்டல், வேகக் கட்டுப்பாடு உள்ளதாக. பெல்ட் சாண்டர் பைனில் ஒரு கணம் நின்றாலே பள்ளம். கால் தாள் சாண்டர் மூலைகளுக்கு நல்லது, ஆனால் மெதுவு.

வாங்கும்போது பேடின் (தாள் ஒட்டும் அடித்தட்டு) தூசி இழுக்கும் துளைகளைப் பாருங்கள். 8 துளைப் பேடுக்கு 8 துளைத் தாள்தான். பொருந்தாவிட்டால் தூசி அடியிலேயே சுழன்று சுருள் கீறல் போடும், வார்னிஷ் பூசிய பிறகே அது கண்ணில் படும். 80 எண் தாளிலிருந்து (எண் கூடினால் தாள் மென்மை) நேரே 180க்குத் தாவினாலும் அதே கதிதான், நடுவில் 120 வேண்டும். அழுத்தவே வேண்டாம்: அழுத்தினால் பேடின் சுழற்சி நின்று வெறும் அதிர்வு மிஞ்சும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மழை, பனிமூட்ட நாட்களில் பலகை ஈரம் இழுக்கும். தூள் பசையாகித் தாளை அடைக்கும். வீட்டுக்குள் காயவைத்துத் தேயுங்கள். பைன் பிசின் சூட்டில் இளகும், அதற்கு வேகத்தைக் குறையுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

தாளைப் பிடிக்கும் வெல்க்ரோ தேய்ந்து தாள் கழன்றால் பேடை மட்டும் மாற்றலாம். அது தனியாகக் கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள்.