சந்தேகம்: ரேக்கில் சும்மா கிடக்கும் பிராக்கெட் தானாகப் பிளக்கிறது (அவசரம்)

ராத்திரி ஷிஃப்ட்:
வணக்கம். கார் கதவுக்குள் வரும் பிராக்கெட். போன மாதம் வரை ஒரு புகாரும் இல்லை. இப்போது சனிக்கிழமை அடுக்கி வைத்ததைத் திங்கள் காலை பார்த்தால், ஓட்டையிலிருந்து விளிம்பு வரை பிளந்து கிடக்கிறது. யாரும் தொடவே இல்லை. ராத்திரி ‘டப்’ என்று சத்தம் கேட்டதாக வாட்ச்மேன் சொல்கிறார். 40-க்கு 3. மெட்டீரியல் கோளாறா? நாளை கஸ்டமர் வருகிறார்.

லேத் மணி:
பஞ்ச் மழுங்கியிருக்கும். ஓட்டை விளிம்பில் பர் (பிசிர்) எவ்வளவு நிற்கிறது? தீட்டிப் போடுங்கள், சரியாகிவிடும்.

வெப்பச்சூளை:
கிரேடு சொல்லாமல் ‘மெட்டீரியல் கோளாறா’ என்று கேட்பது, ஊர் பெயர் சொல்லாமல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி. இதே கேள்வி இங்கே வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கிரேடு, தடிமன், பூச்சு?

ராத்திரி ஷிஃப்ட்:
22எம்என்பி5 (போரான் ஸ்டீல்), 1.6 மிமீ, ஹாட் ஸ்டாம்பிங் (சூட்டில் அழுத்தி வடிவமைப்பது). அப்புறம் ஜிங்க் பிளேட்டிங். மில் சர்டிஃபிகேட் ஓகே.

டை ரூம்:
வெறும் ஷீட்டா, அலுமினியம்-சிலிக்கன் பூசியதா? ஓட்டையைச் சூட்டில் போடுகிறீர்களா, கடினமான பிறகா? மேலே படியும் கரும்பொருக்கை எப்படி எடுக்கிறீர்கள்?

ராத்திரி ஷிஃப்ட்:
வெறும் ஷீட். ஓட்டை கடைசியில்தான். பொருக்குக்கு வழக்கமாக ஷாட் பிளாஸ்ட் (சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்து உதிர்ப்பது).

டை ரூம்:
‘வழக்கமாக’ சரி. இந்த லாட்டுக்கு? யாராவது ஆசிட்டில் முக்கினார்களா என்று விசாரியுங்கள்.
ஏன் கேட்கிறேன் என்றால், 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி டைக்குள்ளேயே குளிரவைத்தால் இந்த ஸ்டீல் 1500 மெகாபாஸ்கல் பக்கம் போய்விடும். அந்த வலுவில் கொஞ்சம் ஹைட்ரஜன் புகுந்தாலே ஆபத்து. ஆசிட்டில் இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது, பிளேட்டிங் தொட்டியிலும் பிறக்கிறது. எல்லாம் குமிழியாகப் போய்விடாது, ஒரு பங்கு அணுவாகவே உள்ளே இறங்கும். இறங்கியது இழுவிசை இருக்கும் இடம் தேடி மெல்ல நகரும். கடினமான தகட்டில் குத்திய ஓட்டையின் விளிம்பில் இழுவிசை தங்கியிருக்கும். அதனால்தான் அன்றே உடையாமல் இரண்டு நாள் கழித்து, ஆள் இல்லாத நேரத்தில் உடைகிறது.

பிளேட்டிங் பட்டறை:
கடைசியில் பழி எங்கள் வாசலுக்குத்தான் வரும், தெரியும். டிராயிங்கில் ‘ஜிங்க் 8 மைக்ரான்’ என்று மட்டும் போட்டு அனுப்பினால், ஓவனில் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றும் பேக்கிங்கும் வேண்டும் என்று நாங்கள் கனவு காண வேண்டுமா? சொன்னால் 200 டிகிரியில் 4 மணி நேரம் வைத்துத் தருவோம்.

வெப்பச்சூளை:
இந்த வலுவுக்கு 4 மணி நேரம் போதாது. 8-க்குக் குறைத்தால் நான் நம்ப மாட்டேன். பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் ஓவனில் ஏறவும் வேண்டும். மறுநாள் சாவகாசமாக ஏற்றினால் அதற்குள் விரிசல் தொடங்கியிருக்கும், அதை எந்த ஓவனும் ஒட்டவைக்காது.

பழைய இரும்பு:
இவ்வளவு எதற்கு? ஒரு வாரம் சும்மா வைத்தால் ஹைட்ரஜன் தானாக வெளியேறிவிடும். ஆசிட் பட்ட இரும்பு நொறுங்குவதை ஆராய்ந்த ஜான்சன் 1875-லேயே எழுதிவிட்டார். ஆசிட்டில் முக்கிய இரும்புக் கம்பி நாளாக நாளாகப் பழைய வலுவுக்குத் திரும்பியது.

டை ரூம்:
அது பூச்சு இல்லாத கம்பி ஐயா. இங்கே மேலே ஜிங்க் மூடி போட்டிருக்கிறது, உள்ளே இழுவிசையும் இருக்கிறது. வெளியேறுவதற்குள் உடைந்துவிடும். ரேக்கில் நடந்ததே அதுதானே?

பழைய இரும்பு:
நான் முப்பது வருஷம் ஸ்பிரிங் போட்டவன்.

வெப்பச்சூளை:
முப்பது வருஷமும் எத்தனை ஸ்பிரிங் திரும்பி வந்தது என்று எண்ணினீர்களா?

பழைய இரும்பு:
மரியாதையாகப் பேசவும்.

டை ரூம்:
போதும், விடுங்கள். ராத்திரி ஷிஃப்ட், பிளந்த முகத்தைத் துடைக்காமல் லேபுக்கு அனுப்புங்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தொடக்கப் புள்ளி கற்கண்டு உடைத்த மாதிரி மணிமணியாகத் தெரிந்தால், சந்தேகம் ஹைட்ரஜன் மேல்தான்.

ராத்திரி ஷிஃப்ட்:
விசாரித்தேன். பிளாஸ்ட் மெஷின் பெல்ட் அறுந்து இரண்டு நாள் நின்றிருக்கிறது. அந்த லாட்டை வெளியே ஆசிட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் ஊறியது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. பேக்கிங் இல்லை. காலையில் இன்னும் 2 போயிற்று. லாட் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். கஸ்டமர் கேட்டுக்கு வந்தாயிற்று, அப்புறம் வருகிறேன்.

வெப்பச்சூளை:
ஹார்ட்னஸ் எடுத்தீர்களா?

லேத் மணி:
பஞ்சையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.